பொண்ணுக்கு லா காலேஜ் சீட் வந்திருக்கு, சேர்க்கலாமா? சொந்தக்காரங்க குழப்புறாங்க

அரக்கோணம்_அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். அரக்கோணத்துல சின்னதா டிபன் கடை வச்சிருக்கேன். மூத்த பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டு யாரையும் கேக்காம அஞ்சு வருஷ பி.ஏ. எல்.எல்.பி.க்கு அப்ளை பண்ணிட்டா. பட்டரைபெரும்புதூர் அரசு சட்டக் கல்லூரியில சீட் வந்திருக்கு. வீட்டுல இருந்தே போயிட்டு வரலாம்.

பிரச்சினை என்னன்னா, என் மச்சான் வந்து உட்கார்ந்துக்கிட்டு ஒரே பாட்டு. வக்கீல்னா வாடகைக்கு வீடு தரமாட்டான், பொண்ணு கேட்டு எவனும் வரமாட்டான், பத்து வருஷம் சீனியருக்கு பை தூக்கணும்னு. வீட்டுக்காரம்மா நர்சிங் சேர்க்கலாம்னு சொல்றாங்க. பொண்ணு பிடிவாதமா இருக்கா. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தங்களுக்கு ஜீவனாம்சக் கேஸ் நடந்தப்ப இவதான் துணைக்குப் போவா. அங்க என்னத்தைப் பார்த்தாளோ, 'நாலு பேருக்கு உபயோகமா இருக்கணும்'னு ஆரம்பிச்சுட்டா.

காந்தி வக்கீல், அம்பேத்கர் வக்கீல், வ.உ.சி. வக்கீல்னு எனக்கே பாடம் எடுக்கறா. அது சரி, அவங்கல்லாம் வேற பிறவி. நான் கேக்கறது இதுதான். சாதாரண காலேஜ்ல படிச்சுட்டு வெளிய வந்தவங்க ஊருக்கு ஏதாவது பண்ணியிருக்காங்களா? பேப்பர்ல படிச்சது வேண்டாம். கண்ணால பார்த்தவங்க சொன்னா நல்லா இருக்கும். அட்மிஷனுக்கு இன்னும் நாலு நாள்தான்.

மாடிவீட்டுக்காரன்:

நான் வீட்டு ஓனர். மனசுல பட்டதைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வக்கீலுக்கும் போலீசுக்கும் நான் வீடு விடறதில்ல. ரெண்டு பேரும் காலி பண்ணமாட்டாங்க. உங்க மச்சான் சொல்றது சரி. நர்சிங் சேருங்க, வெளிநாட்டுக்கும் போகலாம்.

பழைய_குமாஸ்தா:

தம்பி, நான் வக்கீல் இல்ல, வக்கீல் குமாஸ்தா. வடமாவட்டத்துல ஒரு தாலுகா கோர்ட்டுல 36 வருஷம் கேஸ் கட்டு தூக்கி ஓய்வு பெற்றவன். வக்கீல்களைப் பத்தி வக்கீல்கிட்ட கேட்டா பெருமையா சொல்லுவார், கேஸ் கொடுத்த கட்சிக்காரன்கிட்ட கேட்டா திட்டுவான். குமாஸ்தாகிட்ட கேட்டாதான் ரெண்டும் கலந்து வரும்.

முதல்ல மாடிவீட்டுக்காரருக்கு. உங்க பயம் எனக்குப் புரியுது. நான் வேலை பார்த்த வக்கீல், எங்க சாருக்கே 1991-ல வீடு கிடைக்கல. 'நான் சிவில் சைடுதான், சொத்து விவகாரம்தான் பார்க்கறேன், அடிதடி கேஸ் எல்லாம் தொடறதில்ல'ன்னு நயமா சொல்லிப் பார்த்தார். ஓனர், 'சிவில்னாதாங்க எனக்கு இன்னும் பயம்'னு கும்பிட்டு அனுப்பிட்டார்.

சார் படிச்சது பழைய சென்னை சட்டக் கல்லூரி. 1891-ல ஆரம்பிச்சது, ஹைகோர்ட் வளாகத்துக்குள்ளயே இருந்த செவப்புக் கட்டடம். கிளாஸ் கட் அடிச்சா பக்கத்துல ஏதாவது ஒரு கோர்ட் ஹாலுக்குள்ள போய்ப் பின்வரிசையில நிப்பாங்களாம். 'ஃபேன் காத்துக்குத்தான்யா போவோம், ஆனா நாலு வார்த்தை காதுல விழுந்துடும்'னு சொல்லுவார். 2018-ல அந்தக் காலேஜைப் பிரிச்சுப் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைபெரும்புதூருக்கும் அனுப்பிட்டாங்க. உங்க பொண்ணுக்கு இது ஒண்ணுதான் நஷ்டம். லீவு நாள்ல திருவள்ளூர் கோர்ட்டுலயோ அரக்கோணம் கோர்ட்டுலயோ போய் உட்காரச் சொல்லுங்க. திறந்த கோர்ட், யார் வேணா போய்க் கேக்கலாம், சத்தம் போடாம இருந்தா சரி.

இப்ப நீங்க கேட்டதுக்கு வரேன்.

எங்க சார் மகா கஞ்சன். செராக்ஸ் கடையில அம்பது பைசா பாக்கி வந்தாக்கூட டைரியில எழுதிவைப்பார். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு விஷயத்துல பைசா வாங்காம ரெண்டே கால் வருஷம் அலைஞ்சார். எங்க ஊர்ல நெசவாளர் தெரு ஒண்ணு. அந்தத் தெருவுலதான் காலையில பாவு, அதாவது தறிக்கான நூலை நீட்டுவாங்க. மழைக்காலம் வந்தா சாக்கடை ரோட்டுக்கு ஏறிடும். பாவு நீட்ட இடம் கிடையாது. பாவு இல்லைன்னா தறி நிக்கும், தறி நின்னா அடுப்பு நிக்கும். உள்ளாட்சியைக் கேட்டா நிதி இல்லைன்னு ஒரே பதில், வருஷா வருஷம்.

சார் கோர்ட்டுக்குப் போகல. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 133-ன்னு ஒரு பிரிவு இருந்துச்சு, பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) முன்னாடி மனு போடலாம். மனுவோட கூட ஒரு தீர்ப்பு நகல் வச்சார். ரத்லாம் நகராட்சி வழக்கு, 1980, உச்ச நீதிமன்றம். மத்தியப் பிரதேசத்துல ஒரு ஊர், அங்கயும் இதே கதை. திறந்த சாக்கடை, நாத்தம், நகராட்சி காசில்லைன்னு கைவிரிச்சது. 'காசில்லைங்கறது சாக்கு ஆகாது, சுத்தமா வச்சுக்கறது உன் கடமை'ங்கறதுதான் தீர்ப்போட சாரம்.

அன்னிக்கு என் வேலை என்ன தெரியுமா? ஹார்லிக்ஸ் பாட்டில்ல அந்தச் சாக்கடைத் தண்ணியை மொண்டுக்கிட்டு வரணும். சாட்சிப் பொருளாம். கொண்டுபோய் ஆர்.டி.ஓ. மேஜை மேல வச்சேன். மூடி சரியா மூடலை போல. ரெண்டு நிமிஷத்துல ஆபீஸ் அசிஸ்டென்ட் எழுந்து எல்லா ஜன்னலையும் திறந்தார். ஆர்.டி.ஓ. கர்சீப்பை மூக்குல வச்சுக்கிட்டே, 'எடுத்துட்டுப் போங்க, ஆர்டர் போடறேன்'னார். மூணு மாசத்துல உத்தரவு வந்துச்சு. சாக்கடை கட்டி முடிக்க அதுக்கு மேல ரெண்டு வருஷம். நடுவுல 11 நினைவூட்டு மனு, எல்லாம் இந்தக் கையால டைப் அடிச்சது. அந்த டைப்ரைட்டர்ல 'ழ' வராது, பேனாவுல போடணும். 'வழக்கு'ன்னு எத்தனை தடவை போட்டிருப்பேன்னு நினைச்சுப் பாருங்க.

அந்த ரத்லாம் தீர்ப்பை எழுதினவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டுக்காரர், 1914-ல பிறந்தவர், எங்க சார் படிச்ச அதே சென்னை சட்டக் கல்லூரிதான். தலச்சேரியில விவசாயிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் வாதாடினார். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி பண்ணார்னு 1948-ல ஒரு மாசம் ஜெயில்ல வச்சாங்க. ஜெயில்ல இருந்த அதே மனுஷன் 1957-ல கேரளாவுல மந்திரி, ஜெயில் துறையும் அவர் கையிலதான். 1973-ல உச்ச நீதிமன்ற நீதிபதி. 1980-ல ஓய்வு. அப்புறமும் சும்மா இருக்கல, நூறு வயசு வரைக்கும் மனு, மேடை, கட்டுரைன்னு போயிட்டே இருந்தார். 2014 டிசம்பர்ல காலமானார். எங்க சார் அன்னிக்கு ஆபீசுக்கு லீவு விட்டார். அவர் சர்வீஸ்ல துக்கத்துக்கு லீவு விட்டது ரெண்டே தடவை, இன்னொண்ணு அவங்க அம்மாவுக்கு.

இதை ஏன் இவ்வளவு நீட்டி முழக்குறேன்னா, பெரிய தீர்ப்பு டெல்லியில எழுதினா அது புஸ்தகத்துலதான் இருக்கும். யாராவது ஒரு சின்ன ஊர் வக்கீல் அதை செராக்ஸ் எடுத்து, பாட்டிலோட போய் ஒரு மேஜை மேல வைக்கணும். அப்பதான் தெருவுல தண்ணி வடியும். நான் பார்த்த வரைக்கும் இந்த ரெண்டாவது ஆளுங்க பேரு எந்தக் கல்வெட்டுலயும் கிடையாது.

அடுத்தது ஒரு பொண்ணு கதை. இதைத்தான் உங்க பொண்ணு படிக்கணும்.

2012-ல சார்கிட்ட ஜூனியரா வந்துச்சு. அரசு சட்டக் கல்லூரியில படிச்சது. அவங்க ஊர்லயே முதல் வக்கீல். அப்பா செங்கல் சூளை. வந்த புதுசுல இங்கிலீஷ் பேச பயப்படும், ஆனா கட்டைப் படிச்சுட்டுதான் கோர்ட்டுக்குப் போகும். கட்டைப் படிக்கிற ஜூனியர் பத்துல ரெண்டு பேர்தான் தம்பி, அது எந்தக் காலேஜா இருந்தாலும்.

அரசு செலவுல வக்கீல் தர்ற சட்ட உதவியில இருந்து ஒரு கேஸ் அதுக்கு வந்துச்சு. தருமபுரிப் பக்கத்துல இருந்து கிணறு வெட்ட வந்த ஆள், பம்பு செட் மோட்டார் திருடினார்னு உள்ள போட்டுட்டாங்க. செஞ்சாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ரெண்டு தடவை பெயில் தள்ளுபடி. பார்க்க யாரும் வரல. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை ரிமாண்ட் நீட்டிக்கக் கூட்டிட்டு வருவாங்க, போவார்.

எங்க ஆபீஸ்ல தினக் காலண்டர் மாட்டியிருப்போம். ராகுகாலம் எமகண்டம் பார்க்கறதுக்குன்னே நான் கிழிக்கறது. இந்தப் பொண்ணு கிழிச்ச தாளைக் குப்பையில இருந்து எடுத்து, பின்பக்கம் ஒரு நம்பர் எழுதிக் கட்டுல செருகும். 41. 42. 43. என்னம்மா இதுன்னு கேட்டேன். இந்த மாதிரித் திருட்டுக் கேஸ்ல 60 நாளுக்குள்ள போலீஸ் குற்றப்பத்திரிகை போடலைன்னா ஜாமீன் கேக்கறது அந்த ஆளோட உரிமை, கோர்ட் மறுக்க முடியாது. ஆனா அவங்க குற்றப்பத்திரிகை கொண்டு வர்றதுக்கு முன்னாடி நம்ம மனு உள்ள போயிருக்கணும், அஞ்சு நிமிஷம் பிந்தினாலும் உரிமை போச்சுன்னு சொல்லுச்சு. இருபது வருஷமா அந்தப் பிரிவு நம்பரை நான் டைப் அடிச்சிருக்கேன், 167(2)-ன்னு. அதுக்குள்ள ஒரு ஓட்டப்பந்தயம் இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

61-ஆவது நாள் திங்கக்கிழமை. காலையில பத்து மணிக்கே மனுவோட நிக்குது. நான் காலண்டரைப் பார்த்துட்டு, 'எமகண்டம்மா, பத்தரையில இருந்து பன்னெண்டு வரைக்கும். பன்னெண்டுக்கு மேல போடலாமே'ன்னேன். 'அண்ணே, எமன் ஸ்டேஷன்ல இருந்து கிளம்பிட்டாராம், இப்பவே போடுங்க'ன்னுச்சு. வெல்ஃபேர் ஸ்டாம்பை எச்சில்ல ஒட்டினேன், பசையைத் தேட நேரம் இல்ல. 10.35-க்கு பெஞ்ச் கிளார்க் கையில மனு. 11.40-க்கு கோர்ட் கான்ஸ்டபிள் குற்றப்பத்திரிகையைக் கக்கத்துல வச்சுக்கிட்டு சாவகாசமா படியேறி வர்றார். அந்தப் பொண்ணு அவருக்கு வணக்கம் வச்சுது பாருங்க, அந்த வணக்கத்தை நான் மறக்கவே மாட்டேன்.

அதோட முடியல. ஜாமீன் கிடைச்சுது, ஆனா ரெண்டு உள்ளூர் ஜாமீன்தாரர் வேணும். கிணறு வெட்ட வந்தவனுக்கு இந்த ஊர்ல வீட்டு வரி ரசீதோட யார் வந்து நிப்பாங்க? அண்ணன் ஒருத்தர் தருமபுரியில இருந்து வந்தார், சொந்தமா ஓட்டு வீடு, வி.ஏ.ஓ. சான்று எல்லாம் வச்சிருந்தார். வேற மாவட்டம், எடுக்கமாட்டோம்னுட்டாங்க. ராத்திரி பூரா சாரோட அலமாரியைக் குடைஞ்சு அந்தப் பொண்ணு எடுத்த தீர்ப்பு எது தெரியுமா? மோதிராம் வழக்கு, 1978. அதுல ஒரு கொத்தனார். பத்தாயிரத்துக்கு ஜாமீன் கேட்டாங்க. அண்ணன் தம்பி ஜாமீன் நின்னா சொத்து வேற மாவட்டத்துல இருக்குன்னு தள்ளிட்டாங்க. உச்ச நீதிமன்றம் ஆயிரம் ரூபா சொந்தப் பிணையில விடச் சொல்லுச்சு. வேற மாவட்டத்துக்காரன் ஜாமீன் நிக்கக்கூடாதுன்னு எந்தச் சட்டம் சொல்லுதுன்னு அதுல ஒரு வாங்கு வாங்கியிருப்பார். யாரு? அதே கிருஷ்ணய்யர்தான்.

மனு ஒரு தடவை ரிட்டர்ன் ஆச்சு. திரும்பப் போட்டுச்சு. அண்ணனோட ஜாமீனை ஏத்துக்கிட்டாங்க. 73-ஆவது நாள் சப் ஜெயில்ல இருந்து ஆள் வெளிய வந்தார். பின்னாடி அந்தக் கேஸ் 19 வாய்தா நடந்து 2014-ல விடுதலை. 19-க்கும் இந்தப் பொண்ணு போச்சு. ஃபீஸ் வந்தப்ப கணக்குப் பார்த்தோம், பாதி அதோட பஸ் செலவுக்கே சரியா இருந்துச்சு. விடுதலை அன்னிக்கு அந்த ஆள், 'வர்றேன்மா'ன்னுட்டு பஸ் ஏறிட்டார். இந்தப் பொண்ணு பேரு என்னன்னுகூடக் கேக்கல. எனக்குக் கோவம். அந்தப் பொண்ணுக்கு இல்ல. 'அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுண்ணே.'

இப்ப அது தேர்வு எழுதி அரசு உதவி வழக்கறிஞர் ஆயிடுச்சு. அதாவது எதிர்ப்பக்க நாற்காலி. எனக்கு முதல்ல மனசுக்குள்ள ஒரு மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் வரும்போது சொல்லுச்சு, இன்ஸ்பெக்டர் கொண்டு வந்த ஒரு கேஸ் கட்டைப் பார்த்துட்டு 'இந்த ஆளுக்கு எதிரா இதுல ஒண்ணுமே இல்லையே சார்'னு திருப்பிக் கொடுத்ததாம். சரி, அந்த நாற்காலியிலயும் ஆள் வேணும்தான்.

நம்ம காலத்து ஆள் இன்னொருத்தர், கே. சந்துரு. அவரும் சென்னை சட்டக் கல்லூரிதான். 1993-ல போலீஸ் காவல்ல செத்துப்போன ராஜாக்கண்ணு கேஸை ஃபீஸ் வாங்காம எடுத்தார். பின்னாடி நீதிபதியா இருந்தப்ப தன்னை 'மை லார்ட்'னு கூப்பிடாதீங்கன்னார். ஆறரை வருஷத்துல 96,000 வழக்கு முடிச்சார். ஓய்வு பெற்ற அன்னிக்கு கார் வேண்டாம்னு மின்சார ரயில்ல வீட்டுக்குப் போனார். அவரைப் பத்தி எல்லாருக்கும் தெரியும், அதனால இதோட விடறேன்.

சம்பாத்தியம்? முதல் அஞ்சு வருஷம் கஷ்டம். பொய் சொல்ல விரும்பல. பொண்ணுக்குச் சாப்பாடும் பஸ் காசும் நீங்கதான் கொடுக்கணும். டிபன் கடை இருக்கே, சாப்பாட்டுக்குப் பயமில்ல.

வாய்தா_வாழ்க்கை:

ஐயா எழுதினது படிக்க நல்லா இருக்கு. ஆனா இப்படி நூத்துக்கு ஒருத்தர். என் தங்கச்சி ஜீவனாம்சக் கேஸ் நாலு வருஷமா இழுக்குது. வக்கீல் போன் எடுக்கறதில்ல. வாய்தாவுக்குப் போனா ஜூனியர் ஒருத்தர் வந்து 'டைம் வேணும்'னு கேக்கறார், அவருக்கு தங்கச்சி பேரே தெரியல. கேக்கறப்பல்லாம் ஐநூறு, ஆயிரம். இதுல என்ன பொதுச் சேவை? அரக்கோணம் அண்ணே, நல்லா யோசிச்சுக்குங்க.

பழைய_குமாஸ்தா:

இல்லைன்னு சொல்லமாட்டேன் தம்பி. அப்படிப்பட்டவங்களுக்கும் நான் டீ வாங்கிக் கொடுத்திருக்கேன். தங்கச்சி வழியைப் பார்ப்போம். கட்டு உங்களோடது. அதைத் திருப்பிக் கேளுங்க, வக்காலத்தை மாத்திக்கலாம். பணம் இல்லையேன்னு நிக்க வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, பிரிவு 12. பெண்ணா இருந்தா போதும், வருமானம் எவ்வளவுன்னு பார்க்கக்கூடாது, அரசு செலவுல வக்கீல். உங்க தாலுகா கோர்ட் வளாகத்துலயே சட்டப்பணிகள் குழு இருக்கும், போர்டு கொஞ்சம் மங்கியிருக்கும், தேடிப் பாருங்க. இல்லைன்னா 15100-க்கு போன் பண்ணுங்க, கட்டணம் கிடையாது.

டிஃபென்ஸ்_டேபிள்:

இந்தத் திரியைத் தோழி ஒருத்தி அனுப்பினா. நான் எங்க மாவட்டத்துல சட்ட உதவி எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அலுவலகத்துல உதவி வழக்கறிஞர். 2022-ல கொண்டு வந்த திட்டம் இது. குற்றம் சாட்டப்பட்டவங்க பக்கம் வாதாடறது, குற்றவியல் கேஸ் மட்டும்தான். மாசச் சம்பளம் மாதிரி ஒரு மதிப்பூதியம் உண்டு, தனியா பிராக்டிஸ் பண்ணக்கூடாது. குமாஸ்தா ஐயா சொன்ன அக்கா ஒரு கேஸுக்குப் பண்ணினதை நாங்க தினமும் பண்றோம். சில நாள் நல்லா பண்றோம். சில நாள் ஒரே காலையில ஒன்பது ரிமாண்ட் வரும். அன்னிக்கு ஒருத்தருக்கு மூணு நிமிஷம் கொடுக்க முடிஞ்சாலே அதிகம். அதையும் சொல்லணும்ல.

சிறைக்கு வாராவாரம் போவோம். நான் முதல்ல கேக்கற கேள்வி 'என்ன கேஸ்'னு இல்ல, 'உள்ள வந்து எத்தனை நாளாச்சு, இதுக்கு முன்னாடி தண்டனை ஏதாவது உண்டா'ன்னுதான். 2024 ஜூலையில இருந்து குற்றவியல் நடைமுறைக்குப் புதுச் சட்டம், அதுல 479-ன்னு ஒரு பிரிவு. இதுக்கு முன்னாடி எந்தக் குற்றத்துக்கும் தண்டனை வாங்காதவர், அந்தக் குற்றத்துக்கு உண்டான அதிகபட்ச தண்டனையில மூணுல ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாவே கழிச்சுட்டா, விடுவிக்க வழி இருக்கு. மரண தண்டனை, ஆயுள் தண்டனை வரைக்கும் போகிற குற்றங்களுக்குக் கிடையாது. வேற கேஸும் நிலுவையில இருந்தா சிக்கல். இதை ஒரு தாத்தாகிட்ட விளக்கினேன். விரல் விட்டு எண்ணினார். 'எனக்கு அது போன பொங்கலுக்கே முடிஞ்சுடுச்சேம்மா'ன்னார். கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அரக்கோணம் அப்பாவுக்கு, வீட்டுல கணக்குப் போட உதவும்னு சிலது. படிச்சு முடிச்சுட்டு பார் கவுன்சில்ல வக்கீலா பதிவு பண்றதுக்கு மாநிலத்துக்கு மாநிலம் ஆயிரக்கணக்குல வாங்கிட்டிருந்தாங்க. நான் பதிவு பண்ணப்ப அம்மாவோட கம்மல் போச்சு. 2024 ஜூலை 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர் சட்டத்துல இருக்கற 750 ரூபாய்க்கு மேல பதிவுக் கட்டணம் வாங்கக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. அப்புறம் அகில இந்திய பார் தேர்வு எழுதணும், அதுக்குத் தனிக் கட்டணம்.

ஜூனியருக்குச் சம்பளம் தரணும்னு சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூன்ல சொல்லுச்சு. சென்னை, மதுரை, கோவையில 20,000, மத்த ஊர்ல 15,000. எல்லா சீனியரும் தர்றாங்களான்னு கேக்காதீங்க. ஆனா கேக்கறதுக்கு இப்ப கையில ஒரு தாள் இருக்கு, எங்க காலத்துல அதுவும் இல்ல.

பொண்ணு ஜட்ஜ் ஆகணும்னு ஆசைப்பட்டா, 2025 மே மாசத் தீர்ப்புப்படி சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூணு வருஷம் பிராக்டிஸ் கட்டாயம். படிச்சு முடிச்ச கையோட எழுத முடியாது. ஜவ்வாது மலையில இருந்து ஸ்ரீபதின்னு ஒரு பழங்குடிப் பொண்ணு 23 வயசுல சிவில் நீதிபதியா தேர்வானது 2024-ல பேப்பர்ல வந்துச்சு, பிரசவம் ஆன கொஞ்ச நாள்லயே சென்னைக்கு வந்து தேர்வு எழுதினாங்க. அந்தச் செய்தியைக் கத்தரிச்சு எங்க ஆபீஸ் பீரோவுல ஒட்டியிருக்கோம். நீங்க பேப்பர்ல படிச்சது வேண்டாம்னீங்க, இது ஒண்ணை மன்னிச்சுக்குங்க.

இங்கிலீஷ் பத்தி. முதல் வருஷம் ஒப்பந்தச் சட்டம் படிக்கும்போது ஒரு பக்கத்துக்கு இருபது தடவை டிக்ஷனரி புரட்டுவேன். அழுதிருக்கேன். கீழ்க் கோர்ட்டுல தமிழ்ல தாராளமா வாதாடலாம், ஹைகோர்ட்டுக்குத்தான் இங்கிலீஷ் வேணும். அஞ்சு வருஷம் இருக்கு, வந்துடும்.

வீடு விஷயம் உண்மை. ஓனர்கிட்ட நான் 'அரசு அலுவலகத்துல வேலை'ன்னு சொல்லித்தான் குடிவந்தேன். கறுப்பு கோட்டைப் பையில வச்சு எடுத்துட்டுப் போய் கோர்ட்டுல போட்டுப்பேன். எட்டு மாசம் கழிச்சு ஓனரம்மா கண்டுபிடிச்சுட்டாங்க. காலி பண்ணச் சொல்லுவாங்கன்னு பார்த்தா, அவங்க தம்பியோட பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கொண்டு வந்து நீட்டினாங்க.

அரக்கோணம்_அப்பா:

எல்லாருக்கும் நன்றி. ராத்திரி கடை மூடினப்புறம் வீட்டுக்காரம்மாவுக்கு முழுசும் படிச்சுக் காட்டினேன். ஹார்லிக்ஸ் பாட்டில் வந்த இடத்துல சிரிச்சுட்டாங்க. காலண்டர் இடத்துல ஒண்ணும் பேசல. அப்புறம், 'நாளைக்கு பீரோவைத் திறந்து சர்டிபிகேட் எல்லாம் எடுத்து வைங்க'ன்னாங்க. அவ்வளவுதான் பேச்சு. மச்சான்கிட்ட நான் சொல்லிக்கறேன்.

பொண்ணு படிச்சுட்டு ஒரு கேள்வி கேக்கச் சொன்னா. அந்த மோதிராம் தீர்ப்பு எங்க கிடைக்கும்னு. நான் என்னத்தைக் கண்டேன். இன்னொண்ணு, டி.சி. எங்க வச்சேன்னு தெரியல, மாவு மிஷின் மேல இருந்த கவர்ல போட்ட ஞாபகம். தேடிட்டிருக்கேன்.

பழைய_குமாஸ்தா:

டி.சி. கிடைச்சதும் அஞ்சு செராக்ஸ் எடுத்துடுங்க. ஒரிஜினலை எங்க கொடுத்தாலும் ரசீது வாங்காம கொடுக்காதீங்க. மோதிராம் தீர்ப்பு உச்ச நீதிமன்ற இணையதளத்துலயே கிடைக்கும், காசு கட்ட வேண்டாம். பாப்பா முதல் தடவை படிச்சா பாதி புரியாது, அந்த மனுஷன் இங்கிலீஷ் அப்படி. எங்க சாரே பென்சில்ல அடிக்கோடு போட்டுக்கிட்டுத்தான் படிப்பார்.

மாடிவீட்டுக்காரன்:

சரி சரி, எல்லாரும் என்னையே குத்திக் காட்டறீங்க. இருக்கட்டும். இங்க தெரிஞ்சவங்க இருக்கறதால ஒண்ணு கேட்டுக்கறேன். கீழ் போர்ஷன்ல இருக்கறவர் அஞ்சு மாசமா வாடகை தரல. வக்கீல் இல்ல, மெடிக்கல் ரெப்பு. எந்தக் கோர்ட்டுக்குப் போகணும்?

பழைய_குமாஸ்தா:

வாடகை நீதிமன்றம். 2019 பிப்ரவரியில இருந்து புதுச் சட்டம் வந்துடுச்சு, பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்ப இல்ல. எழுத்துல ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணியிருக்கீங்களா? பண்ணலைன்னா கொஞ்சம் சுத்து வழிதான். ஒப்பந்தம், வாடகை வாங்கின பேங்க் கணக்கு, ஈ.பி. கார்டு எல்லாம் எடுத்துக்கிட்டு நல்ல வக்கீலா ஒருத்தரைப் பாருங்க. உங்க தெருவுல யாரும் குடியிருக்க மாட்டாங்க, பஸ் ஏறித்தான் போகணும்.